என் தங்கைக்கு வந்த மூளை அழற்சியும் நாங்கள் தொலைத்த 19 நாட்களும்

2023 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. வீட்டில் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார், பாப்பா தலைவலி என்று படுத்தே கிடந்தாள். பாப்பா என் தங்கை. அப்போது அவளுக்கு 21 வயது, பி.எட். முதலாண்டு. நான்கைந்து நாளாக லேசான காய்ச்சல் வேறு. வைரல் ஃபீவராக இருக்கும் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். மறுநாள் ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து படுத்தோம். இரவு இரண்டு மணிக்கு என்னை உலுக்கி எழுப்பி, "அக்கா, ஃபேனுக்குள்ள கேமரா வச்சிருக்காங்க, எங்க காலேஜ்ல எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க" என்றாள். கனவு கண்டிருப்பாள் என்று தட்டித் தூங்க வைக்கப் பார்த்தேன். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. அடுத்த நான்கு இரவுகளும் தூங்கவில்லை. எங்களுக்கு அப்பா இல்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அம்மா வீட்டில் இருக்கிறார். கலந்து பேச ஆள் இல்லாமல் ஒவ்வொரு முடிவையும் நானே எடுத்தேன், அதில் பாதி தப்பான முடிவு. இன்னொரு வீட்டில் அந்தத் தப்பு நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் அவள் அழுதாள், சிரித்தாள், சேலையை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஆடி மாசம், அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றார் அத்தை. மாமா வந்து, "கண்ணு, பேசாம குணசீலம் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயி 48 நாள் வச்சிருக்கலாம்" என்றார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, தெரிந்ததைச் சொன்னார்கள். நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பரீட்சை பயம், மன அழுத்தம் என்று சொல்லி ஒரு மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சேர்த்தோம். ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் அவள் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய், காய்ச்சல் 103க்கு ஏறியது. மருந்தை மாற்றினார்கள், மறுபடியும் அதேதான். ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. கேட்டதையே திருப்பிச் சொன்னாள், அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் இருந்த ஓர் இரவு அவள் என் கையைக் கடித்தபோது நான் அவளை அறைந்தேன். அவள் அழக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் என்று தெரிந்த பிறகு நான் பட்ட வேதனைகளில் அந்த அறைக்குத்தான் முதல் இடம்.

இப்போது திரும்பிப் பார்த்தால் மூளை அழற்சியின் அடையாளங்கள் எல்லாமே வரிசையாக இருந்திருக்கின்றன, சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதுவரை மனநலப் பிரச்சினை எதுவும் இல்லாத இளம் வயது. முதலில் தலைவலி, காய்ச்சல். பிறகு சில நாட்களுக்குள், மாதக்கணக்கில் இல்லை, நாட்களுக்குள், ஆளே மாறிப்போவது. தூக்கம் அடியோடு போவது. பேச்சு குறைந்துகொண்டே போவது. வாயும் கையும் தாமாக அசைவது. வலிப்பு. மனநோய்க்கான மருந்து கொடுத்ததும் உடம்பு விறைத்துக் காய்ச்சல் ஏறுவது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மனநல மருத்துவரோடு நிற்காதீர்கள், அன்றைக்கே நரம்பியல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். என் தங்கைக்கு இதில் எல்லாமே வந்தது, வலிப்பு உட்பட. அதைக்கூட வேண்டுமென்றே செய்கிறாள் என்று அங்கே ஒருவர் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவளைக் காப்பாற்றியதும் ஒரு மனநல மருத்துவர்தான், அதையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயதானவர், கம்பெனியில் கூட வேலை செய்யும் அக்கா சொல்லித்தான் போனேன். பாப்பாவைக் கூட்டிப்போகும் நிலைமை இல்லை, என் போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன். நாற்பது வினாடி வீடியோ. படுத்திருக்கிறாள், கண் திறந்திருக்கிறது, பார்வை எங்கேயும் இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுவது போல அசைகிறது, நாக்கு வெளியே வந்து வந்து போகிறது, உதடு கடிபட்டு ஓரத்தில் ரத்தம் காய்ந்திருக்கிறது. வலது கை விரல்கள் வீணை மீட்டுவது போல. அவர் மூன்று முறை பார்த்தார். "இது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா, மூளையில அழற்சி. இன்னைக்கு ராத்திரியே நியூராலஜி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சொல்லி, தன் கையால் கடிதம் எழுதிக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. அது ஆகஸ்ட் 23. முதல் ராத்திரியில் இருந்து கணக்குப் போட்டால் 19 நாள். ஆகவே, நோயாளியைப் படம் பிடிப்பதில் கூச்சம் பார்க்காதீர்கள். முகம், கை, வலிப்பு எல்லாவற்றையும் தேதி நேரத்தோடு எடுத்து வையுங்கள். டாக்டர் வரும் ஐந்து நிமிடத்தில் அந்த அசைவு வராது, வீடியோதான் பேசும்.

கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். எம்ஆர்ஐ எடுத்தார்கள், சுத்தமாக நார்மல். எனக்கு உயிரே போனது போல இருந்தது, மறுபடியும் மனநோய் என்று அனுப்பிவிடுவார்களோ என்று. அந்த நரம்பியல் டாக்டர்தான் விளக்கினார். இந்த நோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் எம்ஆர்ஐ நார்மலாகத்தான் வரும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற ஈஈஜி பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும், பத்தில் ஒன்பது பேருக்கு அதில் மாற்றம் தெரியும். பாப்பாவுக்கும் தெரிந்தது. அடுத்து முதுகில் இருந்து நீர் எடுக்க வேண்டும் என்றதும் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. முதுகில் ஊசி போட்டால் கால் வராது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஊசி போடும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அது இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. கையெழுத்துப் போட்டேன். தண்ணீர் போலத் தெளிவான நீர், சின்னச் சின்ன ட்யூபில் சொட்டுச் சொட்டாக விழுந்ததைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கால் ஒன்றும் ஆகவில்லை.

நீரையும் ரத்தத்தையும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதற்கு மட்டும் 14,000 ரூபாய்க்கு மேல். முடிவு வர ஆறு நாள் ஆனது. அதில் ஆன்டிபாடி ரத்தத்தில் இல்லை, முதுகு நீரில் இருந்தது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். செலவைப் பார்த்து ரத்தம் மட்டும் அனுப்பியிருந்தால் எங்களுக்கு விடை கிடைத்தே இருக்காது. அதனால் இரண்டையும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்பதும் முக்கியம். ஐவிஐஜி, அதாவது பலர் கொடுத்த ரத்தத்தில் இருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து, ஏற்றிவிட்டால் ஆயிரக்கணக்கான பேருடைய ஆன்டிபாடி உடம்புக்குள் வந்துவிடும், அதற்கப்புறம் எடுக்கிற ரத்தப் பரிசோதனைகள் குழப்பும். ஆனால் முடிவு வரட்டும் என்று டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. ஹெர்பிஸ் கிருமியாக இருக்குமோ என்று அசைக்ளோவிர் போட்டார்கள், முதல் நீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று தெரிந்ததும் ஸ்டீராய்டைத் தொடங்கிவிட்டார்கள். மீத்தைல்பிரெட்னிசொலோன், நாளுக்கு ஒரு கிராம், ஐந்து நாள்.

நோயின் பெயர் ஆன்ட்டி என்எம்டிஏ ரிசெப்டார் என்செஃபலைட்டிஸ். ஜோசெப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2007இல்தான் இதை அடையாளம் கண்டு எழுதினார்கள். அந்த முதல் கட்டுரையில் இருந்ததே 12 பெண்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த எத்தனை பெண்களைக் கட்டிப் போட்டிருப்பார்கள், எத்தனை பேரைச் சாமியாடி என்றிருப்பார்கள் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேச உதவுகிற என்எம்டிஏ ரிசெப்டார் என்ற புரதம் இருக்கிறது. கிருமியைத் தாக்க வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் அந்தப் புரதத்தைத் தாக்கி நரம்பின் மேற்பரப்பில் இருந்து இல்லாமல் ஆக்கிவிடுகிறது. நரம்பு பெரும்பாலும் சாவதில்லை. அதனால்தான் தாக்குதலை நிறுத்தினால் ஆள் திரும்பி வர முடிகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது ஐவிஐஜி, எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்ட மருந்து. எடை கிலோவுக்கு மொத்தம் 2 கிராம், ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பாப்பா 48 கிலோ, ஆக நாளுக்கு 5 கிராம் பாட்டில் நான்கு, மொத்தம் 20 பாட்டில். மருத்துவமனை மருந்தகத்தில் ஒரு பாட்டில் 14,500 சொன்னார்கள். முதல் நாள் நான்கு பாட்டில் வாங்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அண்ணன் ஒருவர்தான், மொத்த வியாபாரியிடம் கேட்டுப் பாரும்மா, பெட்டியில் அச்சடித்த விலைக்கு யாரும் விற்பதில்லை என்றார். கேட்டேன். அதே கம்பெனி மருந்து 9,800க்குக் கிடைத்தது. வெளியே வாங்கி வர அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், முதலில் மறுத்து அப்புறம் ஒத்துக்கொண்டார்கள். 16 பாட்டிலில் மிச்சமானது 75,200 ரூபாய். ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்தை ஐஸ் பெட்டியோடுதான் வாங்க வேண்டும், பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும், உறைந்துபோகவும் கூடாது. தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தபோது ஒவ்வொரு வேகத்தடைக்கும் நெஞ்சு பதறியது. மருந்தை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏறினால் தலைவலியும் நடுக்கமும் வரும். பாட்டில் மாற்றும்போது நர்ஸிடம் வேகத்தைக் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஐவிஐஜி முடிந்த கையோடு பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை எடுத்துவிட்டு வேறு ஏற்றுவது, செய்தால் ஏற்றிய மருந்தும் வெளியே போய்விடும் என்பதால், எதை முதலில் செய்வது என்று டாக்டர்கள் முன்கூட்டியே தீர்மானிக்கிறார்கள். நீங்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைத் திட்டமிடுங்கள்.

இளம் பெண்களுக்கு இந்த நோய் வந்தால் சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். டெரடோமா, நம் டாக்டர்கள் பேச்சில் டெர்மாய்ட். அதற்குள் முடி, பல், சில நேரம் மூளைத் திசுகூட இருக்குமாம். அந்தத் திசுவைப் பார்த்துப் பழகிய எதிர்ப்புச் சக்திதான் பிறகு தலைக்குள் இருப்பதையும் தாக்கப் போகிறது. டாக்டர் இதைச் சொன்னதும் எனக்கு ஏதோ பொறி தட்டியது. ஒரு வருடத்துக்கு முன்னால் மாதவிலக்கு வலிக்காக ஒரு ஸ்கேன் எடுத்திருந்தோம். அம்மாவுக்குப் போன் செய்தேன். பீரோவில் துணிக்கு அடியில் இருந்த அந்த ரிப்போர்ட்டை அம்மா வாட்ஸப்பில் அனுப்பினார். இடது சினைப்பையில் மூன்று சென்டிமீட்டர் டெர்மாய்ட் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. சின்னதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது சொல்லியிருந்தார்கள், நாங்களும் மறந்துவிட்டோம். அப்படிக் கட்டி இருக்கிற ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இந்த நோய் வருவதில்லை, அதனால் அன்று சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஃபைலை முதல் நாளே எடுத்துப் போயிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். புதிய ஸ்கேனில் நாலரை சென்டிமீட்டர். ஐசியுவில் இருந்தபடியே லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். கட்டி இருப்பவர்களுக்கு அதை எடுப்பதே சிகிச்சையில் பாதி.

ஆனாலும் உடனே கண் திறந்துவிடவில்லை. நாடித் துடிப்பு திடீரென்று 140, கொஞ்ச நேரத்தில் 42. மூச்சு விட மறந்துபோகிறாள் என்றார்கள், வெண்டிலேட்டர் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் தொண்டையில் துளை போட வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது, கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. வாய் வழியாக நெடுநாள் ட்யூப் வைத்தால் புண்ணாகும், தொண்டை வழி என்றால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சரியானதும் துளை தானாக மூடிக்கொள்ளும். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அன்று இரவு அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதிருக்க மாட்டேன். நான்கு வாரம் ஆகியும் போதுமான முன்னேற்றம் இல்லாததால் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ரிட்டுக்ஸிமாப் மருந்தைக் கொடுத்தார்கள், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. அதற்கு முன் மஞ்சள் காமாலை பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், பார்த்தார்கள். 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 577 நோயாளிகளை ஆராய்ந்திருக்கிறார்கள், இரண்டு வருட முடிவில் பத்தில் எட்டுப் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் அந்த 19 நாள்தான் எனக்கு நினைவுக்கு வரும். அக்டோபர் 9 காலை, நர்ஸ் அவள் உதட்டில் தண்ணீர் நனைத்தபோது கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், என்னைத்தான் பார்த்தாள்.

மொத்தச் செலவு 11,86,000 ரூபாய். அம்மாவின் ஒன்பது பவுன் அடகு, என் பி.எஃப்., பாதியில் தள்ளி எடுத்த சீட்டு, கம்பெனி கொடுத்த முன்பணம். பாப்பா பேரில் 3 லட்சத்துக்கு ஒரு காப்பீடு இருந்தது. முதல் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநோய் என்று எழுதியிருந்ததைக் காட்டி, மனநலச் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். இதில் இரண்டு விஷயம். நோய் உறுதியானதும் நரம்பியல் டாக்டரிடம், ஆரம்பத்தில் வந்த மனநல அறிகுறிகள் இந்த மூளை அழற்சியால் வந்தவை என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும், ஆகவே அந்தக் காரணமே நிற்காது. இரண்டையும் சேர்த்துக் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதினேன், ஒரு மாதம் பதில் இல்லை, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் போகிறேன் என்று எழுதியதும் இறங்கி வந்தார்கள். ஐந்து மாதம் கழித்து 2,60,000 வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்கிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு நரம்பியல் துறை இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். காசு இருந்தால்தான் நல்ல வைத்தியம் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பரில் வீட்டுக்கு வந்தாள். உண்மையான சிரமம் அங்கே தொடங்கியது என்றுகூடச் சொல்வேன். நடந்தாள், சாப்பிட்டாள், ஆனால் என் பாப்பா இல்லை. சின்னக் குழந்தை போல அடம், நாளுக்கு ஏழு வேளைப் பசி, யாரிடம் எதைப் பேசுவது என்ற கட்டுப்பாடு இல்லை. நோய் வந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினாற்போலத்தான் குணமாகும், மறுபடி கோபமும் தூக்கமின்மையும் எட்டிப் பார்க்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தாங்க முடிந்தது. ஞாபகத்துக்காக ஒரு நோட்டு போட்டேன். காலை என்ன சாப்பிட்டாள், யார் வந்தார்கள் என்று அவளே எழுத வேண்டும். முதல் பக்கத்தில் இட்லி என்ற ஒரே சொல் ஆறு முறை கோணல் கோணலாக இருக்கிறது. மார்ச் மாதப் பக்கங்களில் என்னைப் பற்றிப் புகார் எழுதியிருக்கிறாள். படித்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஒரு வருடம் தள்ளி மறுபடி பி.எட். சேர்ந்தாள், இப்போது முடித்துவிட்டாள்.

நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஆடி வெள்ளிக்குக் கோவில் போனது தெரியும், அப்புறம் தொண்டையில் ஏதோ கட்டியிருந்தது தெரியும், நடுவில் ஒன்றுமே இல்லை. அறைந்ததை நானே சொன்னேன். "எனக்கே ஞாபகம் இல்லாததுக்கு நீ எதுக்குக்கா அழறே" என்றாள்.

நோய் திரும்பவும் வரலாம், எட்டுப் பேரில் ஒருவருக்கு வருகிறது என்கிறார்கள். கட்டியை எடுத்தவர்களுக்கு அது குறைவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறோம், ஃபைல் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறது. போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, தலைவலிக்கிறது என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். புரண்டு புரண்டு படுத்தாள். ஃபேனைப் பார்க்கிறாளா என்று பார்த்தேன், பார்க்கவில்லை. இரண்டே காலுக்குத் தூங்கிவிட்டாள். நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்துவிட்டு நானும் படுத்தேன்.